டேக்குக்கு எந்த மை, எந்த ஸ்டாம்ப்? டெக்ஸ்ச்சரை முதலில் முடிவு செய்யுங்கள்

மிக்ஸட் மீடியா டேக் (மை, பேஸ்ட், ஒட்டுவேலை எல்லாம் கலந்து அலங்கரிக்கும் சின்ன அட்டைச் சீட்டு) செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இங்க் பேடில் இருந்துதான் தொடங்குகிறார்கள். வண்ண வரிசை கண்ணை இழுக்கிறது, நான்கைந்து பேட் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அழகாக இருக்கிறதே என்று ஒரு ஸ்டாம்ப் செட். கடைசியில்தான் மேடு எழுப்பும் பேஸ்டும், அதைப் பூச வடிவம் வெட்டிய ஸ்டென்சிலும். அதன் பிறகு ஆசையாக வாங்கிய மை காய்ந்த பேஸ்டின் மேல் ஒட்டாமல் துணியோடு வழித்துக்கொண்டு வரும்போது, பொருள் சரியில்லை என்று தோன்றும். பொருளில் குறை இருக்காது. தேர்ந்தெடுத்த வரிசைதான் தலைகீழ்.

என் யோசனை இதுதான்: டேக்கில் மேடுபள்ளம் (டெக்ஸ்ச்சர்) எப்படி வரப்போகிறது, அது ஸ்டாம்ப் அடிப்பதற்கு முன்பா பின்பா என்பதை முதலில் தீர்மானியுங்கள். காகிதத்தின் மேல் ஒரு மை நடந்துகொள்வது ஒரு விதம், காய்ந்த அக்ரிலிக் பூச்சின் மேல் அதே மை நடந்துகொள்வது வேறு விதம். மேல்பரப்பு எது என்று தெரிந்துவிட்டால் மை பாதி முடிவாகிவிடும், மை முடிவானால் ஸ்டாம்புக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்த டேக் எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? பரிசுப் பொட்டலத்தில் கட்டி அனுப்புவது சில நாளில் வேலை முடித்துவிடும். அதற்கு ஒளியில் மங்காத மை தேவையே இல்லை. புத்தகத்தில் அடையாளமாக வைப்பது தினமும் வளையும், உரசும். சுவரில் மாட்டுவது வெளிச்சத்தைத் தாங்க வேண்டும். ஜர்னலின் பைக்குள் செருகி வைப்பது மெல்லியதாக இருக்க வேண்டும், பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளவும் கூடாது. கீழே நான் சொல்லும் சிபாரிசுகள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பொறுத்து மாறும்.

அட்டை

மூன்று வகை போதும்: மணிலா டேக், வாட்டர்கலர் தாளில் நீங்களே வெட்டிக்கொள்வது, கிராஃப்ட் அட்டை.

மணிலா டேக் உண்மையில் சரக்குப் பொட்டலங்களில் கட்டும் சீட்டு. 1863இல் டெனிசன் என்பவர் காப்புரிமை பெற்ற சரக்குச் சீட்டின் சிறப்பே, துளையைச் சுற்றிக் கிழியாமல் இருக்க ஒட்டிய காகித வளையம்தான். இன்றும் மணிலா டேக்கில் அந்த வளையம் இருக்கிறது. கைவினைக்காரர்கள் அதிகம் எடுப்பது எண் 8 அளவு, ஏறக்குறைய 3⅛ அங்குலம் அகலம், 6¼ அங்குலம் உயரம். பரப்பு வழுவழுப்பானது என்பதால் ஸ்டாம்பின் நுண்கோடுகள் தெளிவாக விழும், டை இங்க் (நிறம் கரைந்திருக்கும் மை) நன்றாகப் பரவும். ஆனால் தண்ணீர் அதிகம் பட்டால் வளைந்துவிடும், தேய்த்தால் மேல்பரப்பு நூல் நூலாக எழும்பும்.

தண்ணீரை வைத்து விளையாடப் போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள்தான். அதிலும் வழுவழுப்பான ஹாட் பிரஸ் வகையை எடுங்கள். கோல்ட் பிரஸ் தாளின் சொரசொரப்பு தூரிகைக்கு அழகு. ஸ்டாம்புக்கு அது தொந்தரவு, கோடுகள் இடையிடையே விட்டுப்போகும். மேலே ஜெஸ்ஸோவோ (அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளை அக்ரிலிக்) பேஸ்டோ முழுக்கப் பூசப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் பொருட்டில்லை, கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம்.

கிராஃப்ட் அட்டையின் பழுப்பு நிறம் பலருக்குப் பிடிக்கும். டை இங்க் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது என்பதால் அதன் மேல் எல்லா நிறமும் பழுப்போடு கலந்து மங்கித் தெரியும். கிராஃப்ட்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் பிக்மென்ட் அல்லது ஆக்சைடு வகை மைக்கே போக வேண்டும் (இவற்றை மை பகுதியில் விளக்குகிறேன்).

டெக்ஸ்ச்சர்: நான்கு வழிகள்

எளிதானது உலர் எம்போஸிங். டேக்கை எம்போஸிங் ஃபோல்டருக்குள் (மேடுபள்ள வடிவம் பதித்த பிளாஸ்டிக் உறை) வைத்து டை கட்டிங் மெஷினில் (தாளை அச்சில் அழுத்தி வெட்டும் கருவி) உருட்டி எடுத்தால் வடிவம் புடைத்துக்கொண்டு வந்துவிடும். காய வேண்டியது எதுவும் இல்லை, எடை கூடாது, தபாலில் போகும். தடித்த தாள் மடிப்புகளில் வெடிக்கும் என்றால் முதலில் மிக லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அழுத்துங்கள், நார்கள் இளகிக் கொடுக்கும். இதன் பெரிய வசதி, பரப்பு இன்னும் காகிதமாகவே இருப்பதுதான். எந்த மையும் வேலை செய்யும். பிளெண்டிங் ஸ்பாஞ்சில் மை எடுத்து மேடுகளில் மட்டும் லேசாக உரசினால் வடிவம் எழுந்து நிற்கும். குறை என்னவென்றால், ஃபோல்டரில் இருக்கும் வடிவம்தான் கிடைக்கும். பத்து டேக் செய்தால் பத்தும் ஒரே மாதிரி. தவிர மெஷின் வேண்டும். அதற்காகவே ஒரு மெஷின் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வேலைக்கு ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இது கொசுறு.

அடுத்தது சூட்டில் உருக்கும் எம்போஸிங். மெதுவாகக் காயும் மையால் ஸ்டாம்ப் அடித்து, ஈரம் இருக்கும்போதே பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் உருக்குவது. பவுடர் என்பது பொடித்த பிளாஸ்டிக் பிசின். உருகிக் குளிர்ந்தால் பளபளக்கும் மெல்லிய மேடு கிடைக்கும். இது டெக்ஸ்ச்சரும் ஸ்டாம்பும் ஒரே வேலையில் முடிகிற வழி. கூடவே இன்னொரு ஆதாயமும் உண்டு. உருகிய பகுதிக்குள் தண்ணீர் மை இறங்காது. நிறமற்ற பவுடரில் ஒரு வடிவத்தை உருக்கிவிட்டு, மேலே டை இங்க்கைத் தேய்த்து, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால், சுற்றி நிறம், வடிவம் மட்டும் வெள்ளை. இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டாம்ப் அடிக்கும் முன் ஆன்டி ஸ்டாட்டிக் பை (பவுடர் ஒட்டாமல் தடுக்கும் பொடி அடைத்த சின்னப் பை) ஒன்றால் தாளைத் தட்டாவிட்டால் பவுடர் வேண்டாத இடமெல்லாம் ஒட்டும். பவுடர் உருகிப் பளபளத்த நொடியில் கன்னை நகர்த்தாவிட்டால் பிளாஸ்டிக் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும். அப்புறம் அதே டேக்கில் பேஸ்டைக் காய வைக்க ஹீட் கன் காட்டினால், ஏற்கெனவே உருகியது மறுபடி உருகும். ஆகவே இரண்டும் வேண்டுமென்றால் பேஸ்ட் முதலில், பவுடர் பின்னால்.

மூன்றாவது வழி ஸ்டென்சிலும் பேஸ்டும். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மாடலிங் பேஸ்ட் என்பது சலவைக்கல் பொடி போன்ற ஒன்றை அக்ரிலிக் பைண்டரில் குழைத்தது. ஸ்டென்சிலை டேப் போட்டு நகராமல் நிறுத்தி, பேலட் கத்தியால் ஒரே இழுப்பில் பூசி, நேர் மேலாகத் தூக்கினால் கூர்மையான விளிம்போடு வடிவம் நிற்கும். காய்ந்ததும் பரப்பு பளபளப்பில்லாமல் (மேட்) இருக்கும், மையைக் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் தாளைப் போல அல்ல, ஓரம் கசிந்து பரவும். லைட் மாடலிங் பேஸ்ட் என்று விற்பது எடை குறைவானது, இன்னும் அதிகம் உறிஞ்சும். டேக்குக்கு இரண்டில் ஒன்று மட்டும் வாங்குவதென்றால் லைட் வகையைத்தான் சொல்வேன். வளைந்தாலும் சுலபமாக உதிராது, தபாலில் கனக்காது.

பளபளப்பான ஹெவி ஜெல்லையும் அதே ஸ்டென்சிலில் பூசலாம். ஆனால் முடிவு முற்றிலும் வேறு. ஜெல் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிடும், தண்ணீர் மையை உறிஞ்சாது. முதலில் டேக்குக்கு நிறம் கொடுத்துவிட்டு மேலே ஜெல் பூசினால், அந்தப் பகுதியில் அடிநிறம் ஆழமாகத் தெரியும், தொட்டால் மேடு தட்டும். மறுபடி வேறு நிறம் தேய்த்தாலும் ஜெல்லின் மேல் இருப்பதைத் துடைத்துவிடலாம். பேஸ்டும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒன்று நிறத்தை ஏற்கும், மற்றது தடுக்கும்.

கிராக்கிள் பேஸ்ட் காயும்போது வெடித்து வெடித்துப் பழைய சுவர் போலாகும். தடிமனாகப் பூசினால் பெரிய வெடிப்பு, மெல்லியதாகப் பூசினால் மயிரிழை வெடிப்பு. அவசரப்பட்டு ஹீட் கன் காட்டினால் வெடிப்பு சரியாக வராது, தானாகக் காய விட வேண்டும். வளைகிற அட்டையில் இது பொரிந்து விழும். சுவரில் மாட்டும் டேக்குக்கு, அதுவும் பின்னால் கனமான அட்டை ஒட்டிய பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். புத்தக அடையாளத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பேஸ்ட் எந்த வகையானாலும் ஈரம் ஒரு பக்கத்தை இழுக்கும், மெல்லிய டேக் வளையும். நான்கு ஓரமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டி வேலை செய்யலாம். இல்லாவிட்டால் பின்பக்கமும் ஒரு கை ஜெஸ்ஸோ பூசிச் சமன் செய்யலாம். ஸ்டென்சிலை உடனே கழுவுங்கள். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான்காவது வழி ஒட்டுவேலை: காஸ் துணி, கசக்கிய டிஷ்யூ தாள், நெளி அட்டையின் உரித்த பக்கம், பழைய புத்தகத் தாள். பெரிய செலவில்லாதது. டிஷ்யூ தாளுக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

மை

டை இங்க்கில் நிறம் கரைந்திருக்கிறது. பிக்மென்ட் இங்க்கில் நிறம் நுண்துகளாக மிதக்கிறது. மற்ற எல்லா வேறுபாடும் இதிலிருந்து வருவதுதான். கரைந்த நிறம் தாளின் நாருக்குள் இறங்கும். அதனால் சீக்கிரம் காயும், அடிநிறம் தெரியும், பொதுவாக வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். துகள் மேலேயே தங்கும். அதனால் அடர்த்தியாகத் தெரியும், வெளிச்சத்தைத் தாங்கும், ஆனால் மெதுவாகக் காயும். மெதுவாகக் காய்வது பவுடர் தூவ வசதி, அவசரக்காரர்களுக்குக் கையெல்லாம் மை.

ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரெஸ் இங்க் டை வகை. தண்ணீர் பட்டால் நகரும்படியே செய்தது. மேலே துளித்துளியாகத் தண்ணீர் தெளித்து ஒற்றி எடுத்தால் அந்த இடங்கள் வெளுத்து வட்டங்களாகத் தெரியும். பழமைத் தோற்றம் தரும் டேக்குகளில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வித்தைதான். 2017இல் வந்த டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு டையும் பிக்மென்டும் கலந்தது. தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு படிந்தது போல வெண்மை கலந்து நிற்கும். கிராஃப்ட் அட்டையில் தெரியும், எதிர் நிறங்களை ஒன்றன் மேல் ஒன்று போட்டாலும் டை வகை அளவுக்குச் சேறாகாது. இரண்டில் எது என்று கேட்டால், வெள்ளைத் தாளில் பளிச்சென்ற நிறம் வேண்டுபவர்களுக்கு டை, ஜெஸ்ஸோ பூசிய பரப்பிலோ கிராஃப்ட்டிலோ வேலை செய்பவர்களுக்கு ஆக்சைடு. இரண்டிலும் முழு வரிசை வாங்க வேண்டாம். ஒன்றோடொன்று கலந்தாலும் அழுக்காகாத மூன்று நிறமும் ஓரங்களுக்கு ஒரு பழுப்பும் போதும். நீலம், பச்சை, மஞ்சள் என்று பக்கத்துப் பக்கத்து நிறங்களாக எடுத்தால் தப்பு செய்வதே கஷ்டம்.

இவை எல்லாம் பின்னணிக்கு. உருவத்தின் கோட்டுக்கு வேறு மை வேண்டும். கறுப்பில் தண்ணீருக்கு அசையாத ஒரு பேட் கட்டாயம். தாளில் ஸ்டாம்ப் அடித்து மேலே வாட்டர்கலர் பூசப் போகிறீர்கள் என்றால் ஆர்க்கைவல் வகை நன்றாக நிற்கும், காய மட்டும் நேரம் கொடுங்கள். காய்ந்த பேஸ்ட், ஜெல், உலோகத் தகடு, பிளாஸ்டிக் போன்ற சரியாக உறிஞ்சாத பரப்புகளுக்கு ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மைதான் நம்பகமானது. அதன் வாடை கடுமை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேட் சீக்கிரம் உலரும், ஸ்டாம்பைச் சுத்தம் செய்யத் தனித் திரவம் வேண்டும். இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு என்று தோன்றினால், உறிஞ்சாத பரப்பில் ஸ்டாம்ப் அடிக்காமல் இருப்பது இன்னொரு வழி. ஸ்டாம்பை முதலில் அடித்துவிடுங்கள், பேஸ்ட் பின்னால் வரட்டும்.

எம்போஸிங்குக்கு வெர்சாமார்க் போன்ற நிறமற்ற பேட் ஒன்று போதும். அதையே டேக்கின் நிறத்தின் மேல் வெறுமனே அடித்தால் வாட்டர்மார்க் போல அடர்ந்த நிழல் விழும். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

பிக்மென்ட் பேடை வண்ணம் பூசும் முதல் மையாக எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஸ்பாஞ்சில் தேய்த்துக் கலக்குவது சிரமம், பேஸ்டின் மேல் சூடு காட்டாமல் காய வெகுநேரம் எடுக்கும். சுவரில் தொங்கப்போகும் டேக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே மங்காமல் இருப்பதுதான் முக்கியம். அதற்கும் மையை விட அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீரில் நீர்த்துப் பூசுவது இன்னும் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டாம்ப்

சிவப்பு ரப்பரா, தெளிவான ஃபோட்டோபாலிமரா என்ற பழைய வாதம். வல்கனைஸ் செய்த ரப்பர் சால்வென்ட் மையைத் தாங்கும், நுண்கோடுகளைச் சுத்தமாக அடிக்கும், பல வருஷம் உழைக்கும். எங்கே விழுகிறது என்று தெரியாது என்பதுதான் அதன் குறை. ஃபோட்டோபாலிமரில் அடியில் இருப்பது அப்படியே தெரியும், டேக் மாதிரி சின்ன இடத்தில் எழுத்தை நேராக வைக்க அது பெரிய உதவி. புதிதாக இருக்கும்போது மையைத் தள்ளி முத்து முத்தாக நிற்கவைக்கும். பென்சில் அழிப்பானால் மேல்பரப்பை மென்மையாகத் தேய்த்தால் சரியாகிவிடும். நிறம் ஏறிக் கறை பிடிப்பதால் அச்சுக்குப் பாதகமில்லை. வெயிலில் கிடந்தால்தான் கெட்டுப்போகும், சால்வென்ட் மையை அடிக்கடி பட விடுவதும் அதற்கு ஆகாது. ஃபோட்டோபாலிமர் மாதிரியே தோன்றும் மலிவான தெளிவு ஸ்டாம்புகளில் மை சமமாகப் பிடிப்பதில்லை, அவற்றைத் தவிர்க்கலாம்.

மேடுபள்ளத்தின் மேல் அடிக்க வேண்டும் என்றால் கேள்வி ரப்பரா பாலிமரா என்பதில் இல்லை, முதுகு எப்படி என்பதில்தான். மரக்கட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் வளையாது, மேடுகளை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடும். கட்டை இல்லாத, பின்னால் மெல்லிய ஃபோம் உள்ள ரப்பரைக் கையில் பிடித்து விரலால் பகுதி பகுதியாக அழுத்தினால் பள்ளத்திலும் ஓரளவு இறங்கும். ஓரளவுதான். புள்ளிகள், வலை, பழைய கையெழுத்து போன்ற பின்னணி வடிவங்கள் விட்டு விட்டு விழுந்தால் அழகே கூடும். முகம், பறவை, வாழ்த்து எழுத்து போன்றவை அப்படி விழுந்தால் பார்க்கச் சகிக்காது. ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் (ஸ்டாம்பை மூடியில் ஒட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்க உதவும் கருவி) வைத்திருப்பவர்கள் அதே இடத்தில் மறுபடி மை போட்டு அடிக்கலாமே என்று நினைப்பார்கள். தட்டைப் பரப்பில் அது அருமையான கருவி. தடித்த பேஸ்டின் மேல் அதன் மூடி சரியாகப் படியாது, பள்ளத்தில் விழாதது இரண்டாம் தடவையும் விழாது.

இந்த இடத்தில்தான் டிஷ்யூ தாள் வருகிறது. உருவத்தை வெள்ளை டிஷ்யூவில் ஆர்க்கைவல் அல்லது சால்வென்ட் மையால் அடித்து, நன்றாகக் காய வைத்து, ஓரமாகக் கிழித்து, மேட் ஜெல் மீடியத்தால் பேஸ்டின் மேல் ஒட்டுங்கள். ஈரம் பட்டதும் டிஷ்யூ கிட்டத்தட்ட மறைந்துவிடும், கோடுகள் மட்டும் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படிந்து நிற்கும். டெக்ஸ்ச்சர் முன்பா ஸ்டாம்ப் முன்பா என்ற சண்டையை இது சுமுகமாக முடித்துவிடுகிறது. வெளிர் நிறப் பின்னணியில் மட்டும் இது முழுமையாக வேலை செய்யும், அடர்நிறத்தின் மேல் டிஷ்யூவின் வெண்மை லேசாகத் தெரியும்.

யாருக்கு எது

பரிசில் கட்டும் டேக்குகளைக் கும்பலாகச் செய்பவர் என்றால் மணிலா டேக், டிஸ்ட்ரெஸ் மாதிரி டை இங்க், எம்போஸிங் பவுடரில் ஒரு வடிவம். காயக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரே மாலையில் ஒரு கட்டு முடிந்துவிடும். பேஸ்ட் வேண்டாம்.

புத்தகத்தில் வைக்கும் டேக்குக்கு உலர் எம்போஸிங், இல்லையென்றால் மிக மெல்லியதாகப் பூசிய லைட் பேஸ்ட். ஆக்சைடு நிறம், ஆர்க்கைவல் கறுப்பில் உருவம். ஈர விரல் படும் என்பதால் மேலே கட்டாயம் ஒரு பாதுகாப்புப் பூச்சு.

ஒரே ஒரு டேக், நிதானமாக, அடுக்கடுக்காக, சுவரில் மாட்ட என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம்: வாட்டர்கலர் தாள், ஜெஸ்ஸோ, காஸ் துணி, பேஸ்ட், நீர்த்த அக்ரிலிக், டிஷ்யூவில் உருவம், மேடுகளில் கடைசியாகக் கொஞ்சம் உலோகப் பளபளப்பு மெழுகு.

எதை எடுப்பது என்றே தெரியாமல் தொடங்குபவருக்கு: ஹாட் பிரஸ் தாள், லைட் பேஸ்ட் ஒரு டப்பா, ஒரு ஸ்டென்சில், ஆக்சைடில் மூன்று நான்கு நிறம், ஆர்க்கைவல் கறுப்பு, பின்னணி வடிவமும் ஓர் உருவமும் உள்ள ஒரு ஃபோட்டோபாலிமர் செட். ஹீட் கன்னையும் பவுடரையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளலாம்.

பாதுகாப்புப் பூச்சைத் தூரிகையில் பூசுவதா, ஸ்ப்ரேயா என்பதையும் மைதான் தீர்மானிக்கிறது. டிஸ்ட்ரெஸ், ஆக்சைடு இரண்டும் தண்ணீருக்கு இளகுபவை. தூரிகையால் வார்னிஷ் இழுத்தால் நிறமும் கூடவே வரும். மேட் ஸ்ப்ரேயை வெளியில் வைத்து மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் காய விட வேண்டும். முழுக்க அக்ரிலிக்கில் செய்த டேக்குக்குத் தூரிகையே போதும். ஜர்னல் பைக்குள் போகும் டேக்காக இருந்தால் இன்னொன்று: அக்ரிலிக் பூச்சு காய்ந்த பிறகும் அழுத்தத்தில் இன்னொரு அக்ரிலிக் பரப்போடு ஒட்டிக்கொள்ளும், பளபளப்பு வகை இன்னும் மோசம். மேட் பூச்சுக்கு மேல் துளி மெழுகைத் துணியால் தேய்த்து விடுங்கள், எதிர்ப்பக்கமும் பெயின்ட் பூசியதாக இருந்தால் நடுவில் ஒரு பார்ச்மென்ட் தாளை வையுங்கள்.